தெருவே திரும்பிப் பார்த்தது

வாயைத் திறந்தால் வந்துவிடும் என்றுதான் உலகம்மாளும் நினைத்தாள். திறந்தாள். ஏசிக் காற்று உள்ளே போனதுதான் மிச்சம். எதிரே உட்கார்ந்திருந்த மனநல ஆலோசகர் ஜெசிந்தா அவசரப்படுத்தவில்லை. இந்தப் பொண்ணு எதற்குமே அவசரப்படுத்தாது, அதுதான் இவளுக்குச் சில சமயம் எரிச்சலாக வரும். நாலு அதட்டு அதட்டினால் பயத்திலாவது சொல்லித் தொலைக்கலாமே என்றிருக்கும். "வரும்போது வரட்டும்மா, தண்ணி குடிங்க" என்றது பொண்ணு. குடித்தாள். தண்ணீர் ஒழுங்காகத் தொண்டைக்குள் இறங்கியது. இறங்குவதெல்லாம் இறங்குகிறது, ஏறி வரவேண்டியதுதான் வரமாட்டேன் என்கிறது. கட்டின புருஷன் பேர், வேறொன்றுமில்லை. ஊரே சொல்கிற பேர். இந்தத் திருநெல்வேலியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அந்தப் பேருள்ள ஆள் மேல்தான் விழும், டவுனில் கோவில் கொண்டிருக்கிற சாமிக்கே அந்தப் பேர்தான். அவள் இப்போதைக்குச் சொல்வதாகத் தெரியவில்லை, நாமாவது சொல்லிவைப்போம்: நெல்லையப்பன். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற நெல்லையப்பன், மூடின கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருக்கிற சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஸ்டெல்லா என்று ஒரு பெண், வருகிறவர்களை உட்காரவைத்து உள்ளே அனுப்புகிறவள், "நான் பாத்துக்கிடுதேன் ஆச்சி, நீங்க நிம்மதியா போங்க" என்று சொல்லியிருக்கிறாள். பார்த்துக்கொள்வாளா? போன் வந்தால் பேசத்தானே செய்வாள், பேசினால் முகம் அந்தப் பக்கம் திரும்பத்தானே செய்யும். வாசலுக்கு நேர் எதிரே ஒரு கரண்ட் கம்பம் நிற்கிறது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டாள். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அவள் கண் முதலில் தேடுவது கம்பத்தைத்தான்.

கம்பம்தான் எமனாக வந்து வாய்த்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர் திடீரென்று எழுந்து சட்டையைப் போடுவார். செருப்பு போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. கேட்டைத் திறந்து முதல் கம்பத்தடியில் போய் அண்ணாந்து நிற்பார். கம்பி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், அண்ணாந்த தலை குனியாமல், அடுத்த கம்பத்துக்கு நடப்பார். எங்கேயோ லைனில் கோளாறு, அதைக் கண்டுபிடித்தாக வேண்டும் அவருக்கு. கம்பி ரோட்டைத் தாண்டினால் அவரும் தாண்டுவார், கீழே லாரி வருகிறதா பஸ் வருகிறதா என்று கம்பிக்கு என்ன தெரியும். பெற்ற பிள்ளைகளின் முகம் போயிற்று, சாப்பிட்டோமா என்பது போயிற்று, இந்த லைன் மட்டும் போகவில்லை பாருங்கள். அன்றைக்கு உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஹால் காலி. ஓடினாள். தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார், அதைத் தாண்டினால் மெயின் ரோடு. "ஏங்க! இந்தாருங்க! ஏங்க!" அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் அவள் வயிற்றிலிருந்து வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. தள்ளுவண்டியில் கீரை விற்கிறவர் திரும்பினார். எதிர்வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு திரும்பினார். பைக்கில் போனவன் காலை ஊன்றித் திரும்பினான். ஆணாகப் பிறந்த அத்தனை பேரும் என்னையா என்னையா என்று திரும்பினார்கள், திரும்ப வேண்டியவர் மட்டும் திரும்பவில்லை. ரோட்டில் இறங்கினார். பிரேக் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே ஒரு அமைதி இருந்ததே, அதில் அவள் செத்துத்தான் பிழைத்தாள். ஒரு ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "எத்தன தடவ கூப்ட்டேன், காதுலயே விழலியா?" என்று இவள் அழுதபோது, அவர் அந்நியப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு, "பதறாதீங்கம்மா, லைன் இப்ப வந்துரும்" என்றார். சாதம் குழைந்து அடிப்பிடித்துவிட்டது அன்றைக்கு.

மெட்ராஸிலிருந்து மகள் பூங்கோதை போனில் பொரிந்து தள்ளினாள். ஒன்று, கேட்டுக்குப் பூட்டுப் போடு. இல்லை, நல்ல ஹோம் ஒன்று பார்த்திருக்கிறேன், அங்கே விடுவோம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நான் உன்னைக் கேட்கவே மாட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அவளையும் குறை சொல்ல முடியாது, அப்பா மேல் உயிர் அவளுக்கு. பூட்டையும் போட்டுத்தான் பார்த்தாள் உலகம்மாள். அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், யாராவது இருக்கீயளா சார், டூட்டிக்கு நேரமாச்சு சார்" என்று தெருவைப் பார்த்துக் கெஞ்சினார். ஒரு நாள் முழுக்க. புயலடித்து ஊரே இருண்டு கிடந்தபோது ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போன மனிதர். சாயங்காலம் அவளே பூட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். அதற்கப்புறம்தான், தூக்கம் வரவில்லை என்று இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தவள், இதைச் சொன்னாள். ஜெசிந்தா நிறையக் கேட்டது, யார் கூப்பிட்டால் திரும்புகிறார், எப்படிக் கூப்பிட்டால் திரும்புகிறார் என்று. யோசித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் அண்ணாச்சி என்றால் திரும்புவதில்லை, பேரைச் சொன்னால் திரும்புகிறார். மகள் போனில் அப்பா அப்பா என்று கதறினாலும் சுவரைப் பார்க்கிறார், பேங்க்காரப் பையன் பேரைச் சொன்னால் எழுந்து நிற்கிறார். "அவருக்கு முதல்ல கிடைச்சது பேருதாம்மா. அது லேசுல போகாது. நீங்க பேரச் சொல்லிக் கூப்ட்டா அவரு நிப்பாரு. நாம ரெண்டு பேரும் இங்க பழகுவோம், சரியா?" சரி என்றுதான் தலையாட்டினாள். அப்போது எளிதாகத் தெரிந்தது.

சொன்னால் நாக்கு அறுந்தா விழும் என்பாள் பூங்கோதை. அவள் கேட்பாள். அவள் புருஷனை டேய் விமல் என்கிறாள், அவனும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான், சட்டைதான் வருஷத்துக்கு ஒரு அளவு ஏறுகிறது. பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணமான புதிதில் அத்தை, அவரைப் பெற்றவள், சொன்னாள். நம்பினாளா என்றால் அதுவும் இல்லை. ஆனால் சொல்லாமலே இருந்து இருந்து, வாய் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது, குழி இருக்கிற தெருவில் சைக்கிள் தானாக ஒதுங்குமே, அப்படி. டவுனுக்குப் போனால் கண்டக்டரிடம் "சாமி கோவில்" என்றுதான் டிக்கெட் கேட்பாள். பேரனுக்குத் தாத்தா பேரையே வைத்துத் தொலைத்தார்கள், அவனை ராசா என்கிறாள், ஒரு நாள்கூடப் பேர் சொன்னதில்லை. அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள். அட்டை கிட்டை ஒன்றும் கையில் இல்லை. "டவுன்ல இருக்கிற சாமி பேருதான்" என்றாள். எந்தச் சாமி என்றான் அங்கே இருந்தவன், தர்மபுரிப் பக்கத்து ஆளாம், நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியுமா. "காந்திமதியம்மா வீட்டுக்காரரு" என்று அம்பாளைச் சொல்லிக் காட்டினாள். அவன் காந்திமதிநாதன் என்று எழுதிக்கொண்டான். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் அவர் காந்திமதிநாதன்தான். நர்ஸ் வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பார். "ஏட்டி, கத்தி வச்சது எனக்கு, தப்பிச்சது எவனோ ஒரு காந்திமதிநாதனாட்டி?" என்பார். சிரிக்காதீங்க, தையல் பிரியும் என்று இவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கே போனது? மூளையில் ஏதோ சுருங்கியிருக்கிறது என்று படம் காட்டினார் பெரிய டாக்டர். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"அம்மா, அந்தச் சேர்ல அவரு உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கோங்க" என்று ஜெசிந்தா ஒரு மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டது. உலகம்மாள் பார்த்தாள். வெறும் நாற்காலி. ஆள் இல்லாத நாற்காலி, இவளுக்கு எதிரே, அவருக்காக. மாலை போட்ட படத்தைத்தான் இப்படி நாற்காலியில் சாய்த்து வைப்பார்கள், வருகிறவர்கள் பூப்போட. "வேண்டாம்மா. உசுரோட இருக்கிற மனுசனுக்கு இப்படி வெறுஞ்சேர் போடாத." அந்தப் பொண்ணுக்கு முகம் சுருங்கிற்று. "மன்னிச்சிருங்கம்மா, எனக்குத் தோணல, சத்தியமாத் தோணல" என்று எழுந்து நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தது. படித்த படிப்பில் அது ஒரு வழியாக இருக்கும். பாவம், இது என்ன செய்யும். அதற்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். போன தடவை நான் என்ன செய்ய என்று இவள் கேட்டபோது, "எனக்கும் தெரியலம்மா, ஆனா நீங்க தனியா யோசிக்க வேண்டாம்" என்றது. அன்றைக்கு ராத்திரிதான் ரொம்ப நாளைக்கப்புறம் இவள் கொஞ்சம் தூங்கினாள். தெரியவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இருந்ததே, எல்லாரும் யோசனை சொல்கிறவர்களாகவே இருக்கிறார்களே. அந்த மெத்தை நாற்காலியில் அவர் உட்காரவும் மாட்டார். உட்கார்ந்தாலும் நுனியில்தான் உட்காருவார், அடுத்தவர் வீட்டுப் பொருள் கசங்கிவிடும் என்று. வெளியே பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டதா? இல்லை, மின்விசிறி.

"சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்கம்மா?" என்றது ஜெசிந்தா. ஆயுசுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் என்று அவளுக்கே பட்டது. ஆயுசை அந்த லாரிக்காரன் குறைக்கப் பார்க்கிறானே, பேரா குறைக்கும். வேறு என்ன? தேடினாள். ஏங்க என்றுதான் முதல் நாளிலிருந்து கூப்பிடுகிறாள். எல்லாப் பொம்பளையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், ஆனால் இவளுடைய 'ஏங்க'வில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அத்துபடி. தேங்காய் தீர்ந்துவிட்டதா, மாடிக்குப் பாம்பு வந்துவிட்டதா, மகளோடு சண்டையா, சும்மா பக்கத்தில் வந்து உட்காரச் சொல்கிறாளா, எல்லாம் அந்த ஒரு சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து செருப்பு தேடுகிற நெரிசலில், நாலாபக்கமும் ஏங்க ஏங்க என்று பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இவள் மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அத்தனை தலைகளுக்கு நடுவே அவர் ஒருத்தர்தான் திரும்பினார். அவர் பேரைப் பேங்க்காரன் சொல்லலாம், பால்காரன் சொல்லலாம், ஓட்டுப் போடுகிற இடத்தில் கத்திச் சொல்லலாம். இந்தச் சத்தம் ஒருத்திக்கு மட்டும்தான். இதை விட்டுவிட்டுப் பேரைச் சொன்னால் தெருவில் போகிற நூறு பேரில் இவளும் ஒருத்தி. அவர் திரும்புவார். யாரைப் பார்த்துத் திரும்புவார்? அதுதான் பயம். "அவிய திரும்பிருவாவம்மா," என்றாள் உலகம்மாள், "அதாம்மா பயம்." ஜெசிந்தா இவள் கைமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எப்படிச் சொல்ல. பேர் நாக்கு வரைக்கும் வராமல் இல்லை. வருகிறது. வரும்போது அத்தை குரலில் வருகிறது. அந்தப் பேரை வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னவள் அத்தை ஒருத்திதான். காது கேட்டுப் பழகினது அது ஒன்றுதான், ராகத்தோடு, முதல் எழுத்தை இழுத்துக் கடைசியை வெட்டி. அவர் இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் அத்தை புறவாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவாள், இவரும் தின்றுகொண்டிருந்த சோற்றை விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். எச்சில் கையோடு ஓடுகிறாரே என்று இவளுக்கு அப்போது பற்றிக்கொண்டு வரும். அத்தை செத்த அன்றைக்கு அவர் அழவில்லை. ஒரு வாரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவர், பாதியில் கையை வைத்துக்கொண்டு, "இனிமே சோத்த முழுசா தின்னலாம் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். இவளுக்கு அந்த வீட்டில் மாமியாரோடு சண்டை போட்ட நாள்தான் அதிகம். அந்தக் குரல் போய் இவள் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறதே. வாடகை இல்லாமல் இத்தனை வருஷமாக.

வெளியே போன் அடித்தது. ஸ்டெல்லாவின் குரல் கேட்டது, "ஆமா சார், வியாழக்கிழமை வரலாம் சார், இல்ல சார்..." உலகம்மாளுக்குக் காது இரண்டாகப் பிளந்துகொண்டது. ஒரு பாதியில் ஸ்டெல்லா. இன்னொரு பாதியில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் தரையில் தேய்கிற சத்தம். இது மின்விசிறி இல்லை. செருப்பில்லாத பாதம் டைல்ஸில் நடக்கிற சத்தம் அவளுக்குத் தெரியாதா, எத்தனை ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறாள். வாசல் கம்பிக்கதவின் கொண்டி தூக்கப்படுகிறது. எழுந்தாள். மேஜையில் இடித்துத் தண்ணீர் கவிழ்ந்தது. ஜெசிந்தா அதற்குள் ஓடி அறைக் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவு வழியாக நேரே தெரிந்தது: ஸ்டெல்லா முதுகைக் காட்டிக்கொண்டு போனில், அதற்கப்பால் வெயில், வெயிலில் படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அவர், தலை அண்ணாந்து. எதிரே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. "ஏங்க!" என்றாள். பழக்கம். ஸ்டெல்லா திரும்பினாள். அவர் இன்னொரு காலையும் எடுத்து வைத்தார். "ஏங்க, நில்லுங்க!" இல்லை. இல்லை. அவருக்கு அது ஒரு சத்தம், காக்கா கத்துகிற மாதிரி, யாருக்கோ உள்ளது. அம்மா தாயே என்று எந்தச் சாமியையோ கூப்பிட நினைத்து வாயைத் திறந்தாள், சாமி பேரே வந்துவிட்டது.

"ஏலே... நெல்லையப்பா!"

ராகம் மாறவில்லை. முதல் எழுத்து இழுத்து, கடைசி வெட்டி. புறவாசலில் நின்று கூப்பிட்ட அதே கூப்பாடு, பாளையங்கோட்டையில் ஏசி போட்ட ஒரு அறையின் வாசலில். சொன்ன வாயை இவளே பொத்திக்கொண்டாள். நாக்கு அறுந்து விழவில்லை. வெளியே பஸ் போய்விட்டது. அண்ணாந்த தலை கீழே இறங்கிற்று. "இந்தா வாரேம்மா!" என்று ஒரு குரல், அவர் குரல்தான், ஆனால் அந்த வேகம் எத்தனை காலத்துக்கு முந்தையது. கம்பத்தையும் கம்பியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வழுக்கிக்கிழுக்கி விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி குட்டிக் குட்டி அடியாக வைத்து ஓடிவந்தார். ஸ்டெல்லா போனைக் கையில் வைத்தபடி விலகி நின்றாள். வந்தார். இவள் முன்னால் நின்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், எச்சில் கையாம். முகத்தைப் பார்த்தாள் உலகம்மாள். அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில், எத்தனையோ மாதமாக அவள் தேடின வெளிச்சம். நேராக அவளையே பார்த்தார், கண்ணைக் கண் சந்தித்தது, நடுவில் எதுவும் இல்லை. தாலி கட்டிக்கொண்டவள் அந்தப் பார்வையில் இல்லவே இல்லை.

"கூப்பிட்டியாம்மா?"

ஜெசிந்தாவைப் பார்த்தாள். அந்தப் பொண்ணு அழுதுகொண்டிருந்தது, அழக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்கும் தெரியவில்லை. நான் உங்க பொண்டாட்டி, உலகம்மா, தென்காசிக்காரி, பாருங்க என்று தோளைப் பிடித்து உலுக்கலாம். உலுக்கினால் இந்த வெளிச்சம் அணைந்துவிடும். அப்புறம் பேரைச் சொன்னாலும் திரும்பமாட்டார். அவர் எட்டி, யாரும் கேட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி, இவள் காதருகே வந்தார்.

"யம்மா, அங்க தெருவுல ஒரு பொம்பள கூப்ட்டுக்கிட்டே இருக்கா. ஏங்க ஏங்கன்னு. என்னைக்கும் கூப்புடுதா. அந்த ஆளு ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். பாவமா இருக்கும்மா."

அவர் சட்டையில் பித்தான் மாற்றிப் போட்டிருந்தது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டாள். அவர் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

"அந்த ஆளு வருவானாம்மா?"

"வருவாவ," என்றாள். "நீ வா, வந்து உக்காரு."

சுவர் பக்கம் திருப்பிவைத்திருந்த மெத்தை நாற்காலியை ஜெசிந்தா இந்தப் பக்கம் திருப்பிப் போட்டது. அவர் நுனியில் உட்கார்ந்தார்.